அக்காவின் கேனான், என் நிக்கான்

அக்காவிடம் கேனான் 1500டி. என்னிடம் நிக்கான் டி3500. இரண்டும் 2018-இல் வந்த மாடல்கள், இரண்டும் 24 மெகாபிக்சல், இரண்டோடும் பெட்டியிலேயே வந்தது 18-55 எம்எம் கிட் லென்ஸ். இப்படி ஒரே குடும்பத்தில் இரண்டு கேமரா இருந்தால் எது ஒசத்தி என்ற பேச்சு வராமல் இருக்குமா? வருடக்கணக்கில் வாயால் அடித்துக்கொண்டபின், போன மாதம் இரண்டு வாரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டோம்.

முதல் நாளே அசடு வழிந்தேன். கேனானில் லென்ஸ் மாட்டித் திருகும் திசை நிக்கானுக்கு நேர் எதிர். ஜூம் வளையமும் அப்படித்தான். மதில் மேல் வந்த அணிலைக் கிட்டே இழுக்கிறேன் என்று திருகினால் அது தூரப் போகிறது. திரும்பத் திருகுவதற்குள் அணிலே போய்விட்டது. கைப்பழக்கம் மாற நான்கு நாள் ஆனது.

எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரி, கார்டோடு நிக்கான் 415 கிராம், கேனான் 475. ஆனால் நிக்கானின் பிடி ஆழமானது, விரல்கள் உள்ளே போய் உட்காரும். கேனானைப் பிடித்தால் என் சுண்டுவிரலுக்கு இடமில்லை.

பேட்டரி விஷயத்தில் மட்டும் ஒப்பிடுவதே பாவம். ஒரு சார்ஜில் நிக்கான் 1550 படம், கேனான் 500 என்பது கம்பெனிக் கணக்கு. மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டுப் பழகிய எனக்கு மூன்றாம் நாள் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. போனில் சொன்னால் அக்கா, “எடுத்த படத்தையே திரும்பத் திரும்பத் திரையில் பார்த்துக்கிட்டு இருந்தா அப்படித்தான்டா” என்கிறாள். அதுவும் உண்மைதான்.

படம்? ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, இரண்டிலும் ‘ரா’வில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக, எடுத்தேன். பிறகு கம்ப்யூட்டரில் நிழல் பகுதியை மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வெளிச்சத்துக்கு, தூக்கினேன். நிக்கான் படத்தில் நாற்காலியின் கால், தரையில் இருந்த கீறல் எல்லாம் சுத்தமாக மேலே வந்தன. கேனானில் அதே இடத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். இதில் பேச்சே இல்லை, நிக்கான்தான். ஆனால் கேமராவே தரும் ஜேபெக் படங்களைப் பக்கத்தில் வைத்தபோது முகத்தின் நிறம் கேனானில்தான் எனக்குப் பிடித்தது. அக்காவிடம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நிக்கான் நொடிக்கு ஐந்து படம், கேனான் மூன்று. அந்த வேக வித்தியாசம் அவள் பையன் படியிலிருந்து குதிக்கும்போது தெரிந்தது. கேனானில் ஒன்றில் படி மேல் நிற்கிறான், அடுத்ததில் தரையில் நிற்கிறான். போனுக்குப் படம் அனுப்புவதில் கதை தலைகீழ். கேனானில் வைஃபை உண்டு, போன் திரையில் காட்சியைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். டி3500-இல் ப்ளூடூத் மட்டும்தான். 2 மெகாபிக்சலுக்குச் சுருங்கிய படங்கள் மெல்ல மெல்ல வந்து சேரும்.

சரி, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். என்னை உண்மையில் அசைத்தது அவள் பையில் சேர்ந்து வந்த, வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். சாயங்காலம், விளக்கு போடாத அறை. மாட்டினேன், பட்டனைப் பாதி அழுத்தினேன், டக்கென்று ஃபோகஸ் ஆனது. அவ்வளவுதான். எனக்கோ வயிறு எரிந்தது.

ஏனென்றால் என் அலமாரியிலும் ஒரு 50 எஃப்/1.8 இருக்கிறது. பழைய நிக்கான் லென்ஸ், ஒருவர் பயன்படுத்தியதை வாங்கியது. அதன் மேல் ‘ஏஎஃப்’ என்று அச்சிட்டிருந்ததால் ஆட்டோஃபோகஸ் ஆகும் என்று நம்பினேன். வேறு எதையும் விசாரிக்காதது என் தப்பு. மாட்டியதும் திரையில் ‘எஃப்-ஈ-ஈ’ என்று ஒரு எச்சரிக்கை. லென்ஸில் இருக்கும், வெளிச்சம் நுழையும் துளையை மாற்றும் அப்பர்ச்சர் வளையத்தை 22-இல் பூட்டினால்தான் படமே எடுக்கும் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம். அதற்கப்புறமும் ஃபோகஸ் அசையவில்லை.

காரணம் பழைய கதை. கேனான் 1987-இல் லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்டையே மாற்றி, மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. அதனால் அன்றைய ஆட்டோஃபோகஸ் லென்ஸும் 1500டி-யில் வேலை செய்யும். நிக்கான் 1959-இன் மவுண்டை விடாமல், மோட்டாரை கேமரா உடம்பில் வைத்து லென்ஸைத் திருக வைத்தது. 2006-இல் வந்த டி40 முதல், தொடக்கநிலை கேமராக்களில் அந்த மோட்டார் கிடையாது. ‘ஏஎஃப்-எஸ்’, ‘ஏஎஃப்-பி’ என்று போட்ட லென்ஸ்கள்தான் தானாக ஃபோகஸ் ஆகும். ஒரு எழுத்தில் இவ்வளவு இருக்கிறது.

கையால் ஃபோகஸ் பண்ணலாம்; சரியானதும் வியூஃபைண்டரில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். ஆனால் எஃப்/1.8-இல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவாக விழுவது ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம்தான். ஓடுகிற பையனிடம் புள்ளி எரியும்வரை நில் என்று சொல்ல முடியுமா?

இரண்டு வாரம் முடிந்து மாற்றிக்கொண்டோம். கிட் லென்ஸில் ஒரு பட்டனை அழுத்தி நீட்டினால்தான் நிக்கான் வேலை செய்கிறது என்று அக்கா இன்னும் புலம்புகிறாள். பேட்டரியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. யாராவது இந்த இரண்டில் எது என்று கேட்டால் நான் இன்னும் நிக்கான் என்றுதான் சொல்வேன், பெட்டிக்குள் வரும் லென்ஸோடு நிறுத்திக்கொள்வார்கள் என்றால். பழைய லென்ஸ் தேடும் ஆசை இருந்தால் கேனான்.

நான் இப்போது ‘ஏஎஃப்-எஸ்’ 50 ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை.