ஐடி பிளாக் ஆனால் யார் பதில் சொல்வது?

சேலம் ஐந்து ரோட்டிலும் புது பஸ் ஸ்டாண்டு பக்கமும் டெலிவரி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால், ரேட் குறைந்ததைவிடப் பெரிய பயமாகச் சொல்வது "ஐடி பிளாக்", அதாவது ஆப்பில் ஓட்டுகிறவரின் கணக்கையே கம்பெனி முடக்கிவிடுவது. ஆப்பில் ஒரு வரி வரும்: விதிமீறல். எந்த விதி, எந்த ஆர்டர், யார் முடிவெடுத்தது என்று எதுவும் இருக்காது. சப்போர்ட் சாட்டில் கேட்டால் அதே வரி திரும்ப வரும்.

இதே பிரச்சினைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகளுக்கும் பொதுவாக ஒரு சட்டம் போட்டிருக்கிறது. அந்தப் பேரத்தில் எது கழன்று விழுந்தது, எது நின்றது என்று பார்த்தால், நம் ஊர் சங்கங்கள் எதைக் கேட்கலாம் என்பது புரியும்.

அங்கே தொழிலாளர் சட்டம் கொண்டுவர வேண்டுமென்றால், சட்ட வரைவு போடும் அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முதலில் தொழிற்சங்கங்களிடமும் முதலாளிகள் அமைப்புகளிடமும் இரண்டு சுற்று கருத்துக் கேட்க வேண்டும். அவர்களே பேசி முடிப்பதாகச் சொன்னால் ஒன்பது மாத அவகாசம் உண்டு. ஆப் வேலை விஷயத்தில் 2021-ல் கருத்துக் கேட்டார்கள். இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு உட்காரவில்லை. அதனால் அந்த டிசம்பரில் ஆணையமே வரைவு போட்டது.

வரைவில் ஐந்து அடையாளங்கள் இருந்தன. கூலியை ஆப் நிர்ணயிக்கிறதா, உடைக்கும் நடத்தைக்கும் விதி போடுகிறதா, வேலையைக் கண்காணிக்கிறதா, நேரத்தையும் ஆர்டரை மறுக்கும் உரிமையையும் கட்டுப்படுத்துகிறதா, சொந்த வாடிக்கையாளர் பிடிக்கவிடாமல் தடுக்கிறதா. இதில் இரண்டு பொருந்தினாலே அவர் ஊழியர். இல்லை என்றால் நிரூபிப்பது கம்பெனி பொறுப்பு. 2023 ஜூனில் நாடுகளின் அமைச்சர்கள் அதை "ஏழில் மூன்று" என்று இறுக்கினார்கள். டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தோடு பேசி மறுபடி "ஐந்தில் இரண்டு". சில நாட்களிலேயே நாடுகள் அதைக் கைவிட்டன. 2024 பிப்ரவரியில் எண்ணிக்கையையே எடுத்துவிட்டு, "யார் ஊழியர் என்ற அனுமானத்தை அந்தந்த நாடே வகுக்கட்டும்" என்று முடித்தார்கள். அதற்கும் ஜெர்மனி, பிரான்ஸ், கிரீஸ், எஸ்டோனியா ஆதரவு தரவில்லை.

இந்த இடத்தில் கணக்கு சுவாரசியமானது. சட்டம் நிறைவேற 15 நாடுகள் வேண்டும், அவற்றில் ஒன்றியத்தின் 65 சதவீத மக்கள்தொகையும் இருக்க வேண்டும். ஓட்டுப் போடாமல் ஒதுங்குவதும் எதிர்ப்புக்குச் சமம்தான். மக்கள்தொகையைக் காட்டித் தடுக்க குறைந்தது நான்கு நாடுகள் சேர வேண்டும். ஜெர்மனியும் பிரான்சும் மட்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போதாது. ஆக, சட்டத்தைத் தடுக்க எஸ்டோனியாவும் தேவைப்பட்டது. மொத்த மக்கள்தொகை சுமார் 13 லட்சம், சேலம் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. டாக்ஸி ஆப் கம்பெனி போல்ட் பிறந்த நாடும் அதுதான் என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன். மார்ச் 11 அன்று எஸ்டோனியாவும் கிரீஸும் மனம் மாறின, சட்டம் தப்பியது. 2024 அக்டோபரில் இறுதி ஒப்புதல்.

நின்றது எது? ஆப்பின் அல்காரிதம், அதாவது தானாக முடிவெடுக்கும் கணினி நிரல், பற்றிய அத்தியாயம். கணக்கை முடக்குவது, நீக்குவது போன்ற முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும். காரணத்தை எழுத்தில், முடிவு அமலாகும் நாளுக்குள் தர வேண்டும். மறுபரிசீலனை கேட்டால் இரண்டு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். தவறு என்று தெரிந்தால் திருத்த வேண்டும், முடியாவிட்டால் நஷ்டஈடு. மனநிலையை ஊகிப்பது, தனிப்பட்ட பேச்சுகளைச் சேகரிப்பது, வேலையில் இல்லாத நேரத்தின் தரவை எடுப்பது எல்லாம் தடை. முக்கியமான விஷயம்: இந்தப் பாதுகாப்பு 'ஊழியர்' என்று நிரூபித்தவருக்கு மட்டுமல்ல, சுயதொழிலாக ஓட்டுகிறவருக்கும் உண்டு. இதற்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடித்தளமும் இருந்ததால், "ஊழியரா இல்லையா" சண்டையில் இது சிக்கவில்லை என்பது என் கணிப்பு.

நமக்கு இது ஏன் உதவும் என்றால், நம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 (2025 நவம்பர் 21 முதல் அமல்) கிக் தொழிலாளியை (ஆப் மூலம் டெலிவரி ஓட்டுவது போன்ற வேலை செய்பவரை) வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே வரையறுக்கிறது. கம்பெனி ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம், தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், நலநிதிக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2023 முதல் தனி நலவாரியமும் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் நிதி வேறு, ஐடி வேறு. நலவாரியத்தில் பதிவு இருந்தால் மட்டும் பிளாக் ஆன ஐடி திரும்பி வராது.

ஆகவே மனு எழுதும்போது "எங்களை நிரந்தர ஊழியராக்கு" என்ற ஒரே வரியோடு நிறுத்தாதீர்கள். அது கோர்ட்டில் வருஷக்கணக்கில் ஓடும். தனியாக மூன்று வரி சேருங்கள்: முடக்கும் முன் மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும், காரணம் தமிழில் எழுத்தில் வர வேண்டும், மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரக் கெடு. இதற்காகவே ஐடி பிளாக் ஆன உடனே ஸ்கிரீன்ஷாட், தேதி, நேரம், கடைசி பத்து ஆர்டரின் எண் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஆப்பை அழித்து மறுபடி போட்டால் பழைய சாட் போய்விடலாம். பின்னால் மனுவோடு இணைக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

ஐரோப்பிய நாடுகள் இதைத் தங்கள் சட்டமாக்க கெடு 2026 டிசம்பர் 2. ஒவ்வொரு நாடும் 'ஊழியர்' வரையறையை எப்படி எழுதுகிறது என்பது அப்போது தெரியும். இழுபறி அங்கேதான் மிச்சம்.