கருவில் நேர்ந்த பாதிப்புக்குக் கருவூலத்தில் பங்கு வேண்டும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பேங்ஸியா ஹில் சிறார் தடுப்புக் காவல் மையத்தில் இருந்த 99 பேரை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் அடங்கிய குழுவினர் முழுமையாகப் பரிசோதித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 36 பேருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. இருந்தது, அதாவது, தாயின் வயிற்றில் இருந்தபோதே மதுவால் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே காவலில்தான். பள்ளி, குடும்பநலத் துறை, காவல் நிலையம், நீதிமன்றம் என அரசின் அத்தனை படிகளிலும் ஏறி இறங்கிய பிள்ளைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கண்டுகொள்வது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மெல்லிய மேலுதடு, சிறுத்த கண் திறப்பு போன்ற முக அடையாளங்கள் மிகச் சிலரிடமே தென்படும்; அறிவுத்திறன் மதிப்பெண்ணும் பலருக்குச் சராசரியை ஒட்டியே இருக்கும். நான் உதவியாளராகப் பணியாற்றும் தொடக்கப் பள்ளியில், "புத்தகத்தை எடு, பன்னிரண்டாம் பக்கத்தைத் திற, முதல் கணக்கைப் போடு" என்று ஆசிரியர் ஒரே மூச்சில் சொன்னால், ஒரு சிறுவன் பென்சிலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பான். ஒவ்வொன்றாகச் சொல்லி, படம் வரைந்த அட்டையையும் மேசையில் வைத்தால் மூன்றையும் செய்துவிடுவான். அந்த அட்டை இல்லாத வகுப்பில் அவனுக்குக் கிடைக்கும் பெயர் 'அடங்காதவன்'.

2016இல் வந்த ஆஸ்திரேலிய மருத்துவ வழிகாட்டி, நினைவாற்றல், மொழி, கவனம் என மூளைச் செயல்பாட்டின் பத்துத் துறைகளை அளந்து, குறைந்தது மூன்றில் கடுமையான குறை இருந்தால்தான் இதை உறுதிசெய்ய வேண்டும் என்றது. அதற்குப் பல துறை வல்லுநர்கள் பல மணி நேரம் செலவிட வேண்டும். தனியாரிடம் போனால் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஊர்ப்புறங்களிலோ அத்தகைய வல்லுநர்களைக் காண்பதே அரிது.

மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்கள் இதற்காக அரசை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. 2007இல் தங்கள் ஊரில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு கோரிப் போராடி வென்ற ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் முதலானோர், அடுத்த படியாக ஆய்வாளர்களைத் தாங்களே அழைத்து, 2002, 2003இல் பிறந்த பிள்ளைகளைப் பரிசோதிக்கச் செய்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பாதிப்பு இருந்தது. இதைக் காட்டி, பழங்குடியினரின் நோய் என்று முத்திரை குத்துவோர் உண்டு. கருவுற்றிருப்பதை அறியுமுன்பே வார இறுதியில் மது அருந்தும் பெண்கள் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள் என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

தலைநகர் கான்பராவில் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2018 முதல் 2028 வரையிலான தேசியச் செயல்திட்டம் இருக்கிறது. 2021இல் செனட் குழுவின் விரிவான அறிக்கையும் வந்தது. ஆனால், பணம் பெரும்பாலும் காலக்கெடு வைத்த மானியமாகவே வருவதால், ஒரு மருத்துவக் குழு தேர்ச்சி பெற்று வேரூன்றும் வேளையில் அடுத்த தவணை வருமா என்ற கவலை தொடங்கிவிடுகிறது. கண்டறிந்த பிறகும் நிம்மதி இல்லை. தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தில் நுழைய, நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அன்றாட வாழ்வில் எவ்வளவு இயலாமை என்பதைத் தாளில் நிரூபிக்க வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இதை நிரூபிக்க வளர்ப்புப் பெற்றோர் படும் பாடு கொஞ்சமன்று.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு என் பதில், மதுமீதான கலால் வரியும், ஒயினின் மொத்த விற்பனை மதிப்பில் 29 விழுக்காடு வசூலாகும் வரியும் ஒன்றிய அரசின் கருவூலத்துக்கே போகின்றன என்பதுதான். அதில் ஒரு பங்கைச் சட்டப்படி ஒதுக்கி, கண்டறியும் மையங்களுக்கும், அதற்குப் பிந்தைய பயிற்சிக்கும், ஆசிரியர்களுக்கான உதவிக்கும் ஆண்டுதோறும் நிரந்தரமாகத் தர வேண்டும். 2023 முதல் மதுப் புட்டிகளில் கர்ப்பகால எச்சரிக்கை கட்டாயமாகியிருப்பது நல்லதே. ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அந்தச் சிறு கட்டத்தால் பயன் இல்லை. 2028க்குப் பிந்தைய திட்டத்தை எழுதத் தொடங்குமுன் இந்த ஒதுக்கீட்டை வலியுறுத்தி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள், நானும் எழுதியிருக்கிறேன்.