பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓ டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியையும் கேட்பதால், திருகோணமலை உவர்மலையில் அண்ணன் வீட்டிலிருந்த மூன்றாந் தலைமுறை ஐ3 மடிக்கணினிக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. உயர்தரம் படிக்கும் பெறாமகளுக்குத் தேவைப்பட்டவை கடந்தகால வினாத்தாள்களைத் திறப்பதும் தமிழில் ஒப்படை எழுதுவதுமே. ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸின் பல பதிப்புகளுள் ஒன்றைத் தேடினேன்.

நினைவகம் 4 ஜீபீ. லினக்ஸ் வகைகளுள் பிரபலமான உபுண்டுவின் வழமையான பதிப்பு குறைந்தது அந்த அளவையாவது கேட்கிறது. உலாவியைத் திறந்ததும் திணறும். இன்னொரு வகையான லினக்ஸ் மின்டின், எக்ஸ்.எஃப்.சீ.ஈ. என்ற எளிய திரைமுகப்புள்ள பதிப்பு இலகுவானது, விண்டோஸில் பழகியவருக்குப் பட்டியல் எங்கே, கோப்புறை எங்கே என்று தேட வேண்டியதுமில்லை. அதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும். 32 பிட் செயலி மட்டுமுள்ள இன்னும் பழைய கணினிகளுக்கு டெபியன் 13 என்ற லினக்ஸில் நிறுவல் மென்பொருளே இல்லை என்பதால், அவற்றுக்கு அன்ரிஎக்ஸ் போன்ற வேறு லினக்ஸ்களையே நாட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது தமிழ்த் தட்டச்சுத்தான். இலகுவான லினக்ஸ் எது என்று அடுக்கும் கட்டுரைகள் இதைத் தொடுவதேயில்லை. ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் விசைப்பலகைப் பொதியையும் நிறுவினால், தமிழ்99 விசைப்பலகையுடன் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் தெரிவில் வந்துவிடுகிறது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டுப் பழகிய விரல்களுக்கு அது அதிகம் அந்நியமாக இராது. எங்கள் பக்கத்தில் சிக்கல் தருபவை பழைய பாமினிக் கோப்புகளே. அவற்றில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவதன் பின்னால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பவையே சேமிக்கப்பட்டிருக்கின்றன. பாமினி எழுத்துருவை நிறுவினால் லிப்ரே ஒஃபிஸ் அவற்றைத் தமிழாகவே காட்டும். ஆனால் அம்மா என்று தேடினால் அகப்படாது. தேவையான கோப்புகளை மட்டும் இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

நிறுவுமுன் மின்டைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சில புரோட்கொம் வைஃபை அட்டைகளுக்கான இயக்கி மென்பொருளைப் பின்னர் தரவிறக்க வேண்டியிருக்கும். அப்போது கைப்பேசியை யூ.எஸ்.பி. வடத்தில் இணைத்து இணையத்தைப் பகிர்ந்தால் வேலை நடந்துவிடும்.

“சித்தப்பா, இனி இது ஸ்லோவா இருக்காதோ?” என்று பெறாமகள் கேட்டாள். இயங்குதளத்தை மாற்றினால் நினைவகச் சுமை குறையுமே தவிர, சுழலும் வன்தட்டின் மந்தம் அப்படியே இருக்கும். ஆகவே பின்மூடியைக் கழற்றி வன்தட்டுக்குப் பதிலாக சுழலும் பாகமில்லாத, வேகமான ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் பொருத்திய பின்னரே மின்டை அதில் நிறுவினேன். பழைய வன்தட்டை ஒரு யூ.எஸ்.பி. உறையில் இட்டு, அண்ணனின் படங்களுக்கென ஒதுக்கிவிட்டோம்.