15 தடவைகளில் 40 கிரே: புற்றுநோய் மருத்துவ எம்.டி. பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு

வாய்மொழிப் பரீட்சையில் நான் சறுக்கிய இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 74 வயதான ஒருவருக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் புற்றுக்கட்டி. சத்திரசிகிச்சையில் கட்டியின் ஒரு பகுதியை மட்டுமே அகற்ற முடிந்திருக்கிறது. கைத்தடியுடன் நடக்கிறார், பகலில் கணிசமான நேரம் கட்டிலிலேயே கழிகிறது. என்ன சிகிச்சை என்று கேட்டார்கள். ஆறு வாரங்களில் 30 தடவைகளாக 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, அதனுடன் தினமும் டெமோசொலொமைட் என்ற புற்றுநோய் மருந்து, பின்னர் ஆறு சுற்று அதே மருந்து என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "அந்த ஆய்வில் எத்தனை வயது வரையானவர்களைச் சேர்த்தார்கள், டொக்டர்?" என்று பரீட்சகர் அமைதியாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வருடம் நான் சித்தியடையவில்லை.

ரோஜர் ஸ்டுப் தலைமையில் 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில் 573 பேர் இருந்தார்கள். வயது 18 முதல் 70 வரை. மருந்து சேர்த்ததால் உயிர்வாழ்வுக் காலத்தின் இடையம் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான ஆய்வு 2017இல் தனியாக வந்தது. அதில் மூன்று வாரங்களில் 15 தடவைகளாக 40 கிரே மட்டும் கொடுத்தபோது இடையம் 7.6 மாதம், அதனுடன் டெமோசொலொமைட்டையும் சேர்த்தபோது 9.3 மாதம். நான் இலக்கங்களை மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, அவை யாருடைய இலக்கங்கள் என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

இதே 40 கிரே, இதே 15 தடவை, மார்பகப் புற்றுநோயிலும் வருகிறது. பிரித்தானியாவின் ஸ்டார்ட்-பி ஆய்வில் 2215 பெண்களிடம் இதை 25 தடவைகளில் 50 கிரே என்ற பழைய முறையுடன் ஒப்பிட்டார்கள். நோய் திரும்புவது கூடவில்லை, மார்பகத்தின் தோற்றமும் கெடவில்லை. ஒரே மருந்துச்சீட்டு, இரண்டு வேறு நியாயங்கள். மார்பகத்தில் தடவைகளைக் குறைத்தாலும் இழப்பு இல்லை என்பதால் குறைக்கிறோம். முதியவரின் மூளைக் கட்டியில், எஞ்சியிருக்கும் காலமே குறுகியது, அதில் ஆறு வாரங்களை ஆஸ்பத்திரிப் பயணத்தில் கரைக்கக் கூடாது என்பதால் குறைக்கிறோம். இந்த வேறுபாட்டைப் புத்தகம் பார்க்காமல் ஐந்து நிமிடம் விளக்க முடிந்தால் பாதிப் பாடம் கைக்கு வந்துவிட்டது என்பேன்.

அதற்குக் கதிர்வீச்சு உயிரியல் வேண்டும். பரீட்சையின் முதற்பகுதியோடு முடிந்துபோகும் பாடம் என்று பலர் அதைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு தாளை எடுத்து நீங்களே கணக்குப் போடுங்கள். அல்பா-பீட்டா விகிதம் என்பது, ஒவ்வொரு தடவையின் அளவு கூடும்போது ஒரு திசு எவ்வளவு பாதிக்கப்படும் என்பதைக் காட்டும் எண்; அது சிறிதானால் பாதிப்பு அதிகம். 30 தடவைகளில் 60 கிரே கொடுக்கும்போது, அல்பா-பீட்டா விகிதம் 10 என்று கொண்டால் கட்டி பெறும் உயிரியல் விளைவு 72; விகிதம் 2 என்று கொள்ளப்படும் சாதாரண மூளைக்குப் பல மாதங்கள் கழித்து வரும் பிந்திய பாதிப்புக்கு அது 120. மொத்தத்தை மாற்றாமல் ஒவ்வொரு தடவையின் அளவையும் கூட்டினால் எது விரைந்து ஏறும் என்று அப்போது கண்ணுக்குத் தெரியும். மார்பகப் புற்றுநோயின் விகிதமோ ஏறத்தாழ 3.5 தான். ஆகவே தடவையின் அளவைக் கூட்டி மொத்தத்தைக் குறைத்தாலும் கட்டி தப்பிப்பதில்லை. 2020இல் வந்த ஃபாஸ்ட்-ஃபோர்வேர்ட் ஆய்வு ஒரே வாரத்தில் 5 தடவைகளாக 26 கிரே வரை இறங்கியது இந்தத் தர்க்கத்தின் மேல்தான்.

மூத்தவர்கள் கைமாற்றித் தரும் குறிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் "இரண்டாம்நிலைக் கிளையோபிளாஸ்டோமா" (குறைந்த தரக் கட்டியிலிருந்து வளர்ந்தது) என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் பழையது. 2021ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, வளர்ந்தவர்களில் ஐ.டி.எச். மரபணுவில் பிறழ்வுள்ள இத்தகைய கட்டி நான்காம் தரமானாலும் அதன் பெயர் அஸ்ட்ரோசைட்டோமா.

மார்பகமும் மூளையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோயில், ஹெர்-2 புரதம் மிகுந்த வகையும், ஹோர்மோன் ஏற்பிகளோ ஹெர்-2 மிகுதியோ இல்லாத மும்மை எதிர்மறை வகையும் மூளைக்குப் பரவுவது மற்றவற்றைவிட அதிகம். ஹெர்-2 வகைக்குக் கொடுக்கும் ட்ரஸ்டுசுமாப் பெரிய மூலக்கூறு என்பதால், இரத்தத்திலிருந்து பொருட்கள் மூளைக்குள் போவதைத் தடுக்கும் இரத்த-மூளைத் தடையைத் தாண்டுவது அரிது; உடலில் நோய் அடங்கியிருக்கும்போதே தலைவலியோடு ஒருவர் கிளினிக்குக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். டுகாட்டினிப் போன்ற சிறிய மூலக்கூறுகள் அந்த நிலைமையை மாற்றத் தொடங்கியிருக்கின்றன. நான் இவ்விரண்டையும் எனது துறையாக்கிக்கொண்டது இந்த ஓரிடத்துக்காகத்தான்.

ஆய்வுக்கட்டுரைக்குப் பெரிய தலைப்பைத் தேடி ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன் கிளினிக் கொப்பிகளிலிருந்து ஒரே ஒரு இடைவெளியை எடுங்கள்: சத்திரசிகிச்சை நடந்த நாளுக்கும் முதல் கதிர்வீச்சு நாளுக்கும் இடையில் எத்தனை நாட்கள் என்பது போதும். நான் அப்படித் தொடங்கியபோது, நாள் குறித்திருந்த கொப்பிகளைவிட, தேநீர்க்கறையில் நாள் அழிந்துபோன கொப்பிகளே எனக்கு அதிகம் கற்பித்தன.

கொழும்பில் இருப்பதால் ஒரு வசதி. வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனைக்கு வந்து 138 பஸ்ஸில் ஏறினால் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகம வரை ஒரு மணித்தியாலமாவது கிடைக்கும். அந்த நேரத்தில் நான் புத்தகம் திறப்பதை விட்டுவிட்டு, முதல்நாள் படித்த ஒரு ஆய்வை அம்மாவுக்குச் சொல்வதுபோல் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். "இடையம் 14 மாதம் என்றால் உங்களுக்கு 14 மாதம் என்று அர்த்தமில்லை; பாதிப் பேர் அதற்கு முன், பாதிப் பேர் அதற்குப் பின்." இப்படிச் சொல்ல வராத இடங்களில்தான் எனக்குப் புள்ளியியல் விளங்கவில்லை என்று கண்டுகொண்டேன்.

இரண்டாம் முறை தோற்றியபோது மார்பகத்தில் கேட்டார்கள். நோயாளி மலையகத்தின் அட்டனிலிருந்து வரும் தோட்டத் தொழிலாளி. 25 தடவை கொடுக்கலாமே, ஏன் 15 என்றீர்கள்? ஸ்டார்ட்-பியைச் சொன்னேன், அல்பா-பீட்டாவைச் சொன்னேன், பிறகு, கொழும்பில் தங்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குத் தோட்டத்தில் பேர் விழாது, ஐந்து வாரம் என்றால் பாதியில் நின்றுவிடுவார் என்றேன். பேர் விழுவது என்றால் என்ன என்று பரீட்சகர் கேட்டார். அன்றைய வேலை கணக்கில் பதிந்து நாட்கூலி கிடைப்பது என்று விளக்கினேன். அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த படத்தைத் திருப்பினார்.