மெஷின் தந்த காசு

மட்டக்களப்பில் நான் வேலை செய்யும் வங்கிக் கிளையில் ஏ.ரி.எம். இயந்திரத்துக்குப் பணம் நிரப்புவது இருவர் பொறுப்பு. ஒருவரிடம் சாவி, மற்றவரிடம் இரகசிய எண். இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். பணத்தை வழங்க மட்டுமே செய்கிற இயந்திரத்துக்கு நல்ல தாள் எது, கள்ளத்தாள் எது என்று தெரியாது என்றால் முகம் மாறிவிடும்.

அது முக்கியமாகப் பார்ப்பது தடிப்பையும் அளவையும்தான். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டோ மடிந்தோ வந்தால் உள்ளே இருக்கும் கழிவுப் பெட்டிக்குள் தள்ளிவிடும். காசை வாங்கிக்கொள்ளும் வைப்பு இயந்திரங்களில் காந்த மையையும் அகச்சிவப்பையும் சோதிக்கும் கருவிகள் உண்டு. சாதாரண ஏ.ரி.எம்.மோ நாங்கள் எதை வைக்கிறோமோ அதையே வெளியே நீட்டும். காவல் முழுவதும் பின்னறையில், தாள்களைத் தரம் பிரிக்கும் மேசையில்தான்.

மாசி, பங்குனியில் பெரும்போக நெல் அறுவடைக் காசு வரும்போது அந்த மேசை திணறிப்போகும். வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரையிலிருந்து வரும் கட்டுகளில் உமித்தூசி. மீன் வாடிகளிலிருந்து வருபவை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தடிமன் பிடித்தவன் தும்முவதைப் போல எண்ணும் இயந்திரம் நின்று நின்று ஓடும். உலரவிட்டு, கிழிந்ததையும் ஒட்டுப் போட்டதையும் கழித்த பிறகே மிச்சம் ஏ.ரி.எம்.முக்குப் போகும்.

அந்த மேசையில் அடிக்கடி நடக்கும் வேடிக்கை ஒன்று உண்டு. புறஊதா விளக்கின் கீழ் ஓர் ஆயிரம் ரூபாய்த்தாள் முழுவதும் நீலமாக ஒளிரும். பருத்தி நாரில் செய்த நாணயத்தாள் அப்படி ஒளிரக் கூடாது. கடைக் காகிதம்தான் ஒளிரும். புதிதாக வேலைக்கு வந்த தம்பி பொலிசுக்கு அறிவிக்கவே எழுந்துவிடுவார். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகிதத்துக்குள்ளேயே பதிந்த நீர்வரி அடையாளத்தில் கிளி தெளிவாக நிற்கும். புடைத்த அச்சு விரலில் தட்டுப்படும். நல்ல தாள்தான். எவருடைய சட்டைப் பையிலோ கிடந்து சலவைத்தூளில் குளித்து வந்திருக்கிறது. துணியை வெண்மையாகக் காட்டுவதற்குத் தூளில் சேர்க்கும் பொருள் தாளிலும் ஏறிவிடுகிறது. விளக்கை மட்டும் நம்பும் கடைக்காரர்களைக் கண்டால் இதனால்தான் எனக்கு எரிச்சல். ஐயாயிரம் ரூபாய்த்தாளைச் சற்றுச் சாய்த்தால் பாதுகாப்பு இழையின் நிறம் மாறும். அதைப் பார்க்க விளக்கும் வேண்டாம், செலவும் வேண்டாம்.

காசு எடுத்த மறுநாள் கள்ளத்தாளோடு வருபவரைத்தான் சமாளிக்க முடிவதில்லை. சம்பளம் எடுத்த ஆசிரியை ஒருவர் ஆயிரம் ரூபாய்த்தாள் ஒன்றை மேசையில் வைத்து, "தம்பி, உங்கள் மெஷின் தந்த காசு இது" என்றார். கிளியைச் சாம்பல் மையில் மேற்பரப்பிலேயே அச்சடித்திருந்தார்கள். அவர் பொய் சொல்பவர் அல்ல. ஆனால் எங்கள் இயந்திரத்தின் பதிவில் எத்தனை தாள் போனது என்று இருக்குமே தவிர, எந்தத் தொடரிலக்கம் போனது என்று இருக்காது. இடையில் அவர் சந்தைக்கும் போய் வந்திருந்தார். கள்ளத்தாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அது பொலிசுக்குப் போக வேண்டும். தெரிந்துகொண்டே அதை இன்னொருவர் கையில் தள்ளுவது குற்றம். காசையும் இழந்து வாக்குமூலமும் கொடுப்பவருக்கு என்ன ஆறுதல் சொல்வது?

இயந்திரத்தின் முன்னாலேயே எண்ணுங்கள். சந்தேகமான தாளின் இலக்கம் தெரியும்படி கமராவுக்குக் காட்டிவிட்டு, அங்கிருந்தே வங்கிக்கு அறிவியுங்கள். இதை எழுதி இயந்திரத்தின் அருகில் ஒட்டலாமா என்று கேட்டோம். வாடிக்கையாளர்கள் பயந்துவிடுவார்களாம், மேலிடம் மறுத்துவிட்டது. வரிசையில் நிற்பவர்களிடம் வாயால் சொல்லி வருகிறோம்.