அழகர்மலையில் ஒரு வலைக்காளான்

சித்திரையில் அழகர் மலையிறங்கி மதுரைக்கு வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போகிறார். பதில் மரியாதைக்கு நாம் ஏறிப் போக ஐப்பசிதான் தோதான மாதம். அடைமழை சற்று வெறித்த ஒரு விடியற்காலையில் நானும் நண்பனும் அழகர்கோவிலுக்கு பஸ் ஏறினோம்.

பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டுவிட்டு, பழமுதிர்சோலைக்குப் போகும் மலைச்சாலையில் நடந்தோம். குரங்குகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை அவற்றுக்கே போய்விடும், விடுகிறேன்.

முருகன் கோவிலைத் தாண்டி நூபுர கங்கைக்கு ஏறும் வழியில் நண்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். "மாப்பிள்ளை, இங்கே எதுவோ செத்துக் கிடக்கிறது." நாற்றம் வந்த பக்கம் மூங்கில் தூரடியில் எட்டிப் பார்த்தேன். செத்தது ஒன்றுமில்லை. சாண் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் காளான்!

வழக்கமான குடை அதற்கு இல்லை. உச்சியில் சிறு கூம்பு, அதன்மேல் கரும்பச்சைக் கூழ், கூழ் முழுக்க ஈ. கூம்பின் அடியிலிருந்து தரையைத் தொடுமளவுக்கு, தூங்கும் குழந்தைக்குக் கவிழ்க்கும் கொசுவலை போல ஒரு வெள்ளை வலை விரிந்து நின்றது.

காளானை இனம் காணத் தலையை மட்டும் படமெடுத்தால் போதாது, அடியைப் பார்க்கவேண்டும். குச்சியால் சருகை விலக்கினேன். காம்பைச் சுற்றி, உச்சி கிழிந்த ஒரு தடித்த உறை. அருகிலேயே இன்னும் வெடிக்காத ஒன்று, கோழிமுட்டை அளவில் பாதி மண்ணுக்குள் கிடந்தது. இந்த முட்டைப் பருவத்திலிருந்து காளான் முழு உயரத்துக்கு எழுந்துவிடச் சில மணி நேரம் போதும். வித்துகள் எல்லாம் அந்த நாற்றக் கூழில்தான். மற்ற காளான்கள் பலவும் காற்றை நம்பியிருக்க, இது ஈயை நம்புகிறது. கூழைத் தின்ன வரும் ஈ, வித்துகளையும் சுமந்துகொண்டு பறக்கிறது.

நீண்ட வெள்ளை வலை, முட்டை உறை, பிண நாற்றம் மூன்றும் சேர்ந்தால் ஃபாலஸ் இண்டுசியேட்டஸ் என்று சொல்லிவிடலாம். 1798-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் வெந்தெனா விவரித்த இனம் இது. வலை குட்டையாக இருந்தாலோ, மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தாலோ வேறு உறவினர்களைத் தேடவேண்டும்.

கீரையும் கிழங்கும் விற்கப் போய்க்கொண்டிருந்த பாட்டி ஒருவர் கூடையோடு நின்றார். "நாற்றக் காளான் அது. தொடாதே ராசா, மத்தியானத்துக்குள் தானே சரிந்துவிடும்."

"ஈ தின்கிறதே பாட்டி, அப்படியென்றால் விஷமில்லைதானே?" என்றான் நண்பன்.

இந்த நம்பிக்கை நம் ஊர்களில் ஆளைக் கொல்லக்கூடியது. பூச்சி தின்னும் காளான் மனிதனைச் சாகடிக்கலாம். காளான் வேகும்போது உள்ளே விட்ட வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம் என்பார்கள், அதற்கும் விஷத்துக்கும் சம்பந்தம் கிடையாது. மூக்கும் நல்ல சாட்சியில்லை: இந்த நாற்றக் காளானையே சீனாவில் கூழை நீக்கி, உலர்த்தி, சூப்பில் போடுகிறார்கள், உலகின் கொடிய நச்சுக்காளான்களில் ஒன்றோ, தின்று பிழைத்தவர்கள் சொன்னபடி ருசியாகவே இருக்குமாம். இனம் உறுதியாகத் தெரிந்தவர் கைகாட்டாத காட்டுக்காளான் அடுப்புக்கு வரவே கூடாது. இவ்வளவையும் நண்பனிடம் சொன்னேன். அவன் பாட்டியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டி தலையை ஆட்டிய பிறகே ஒப்புக்கொண்டான்.

முட்டையை அங்கேயே விட்டுவிட்டு நூபுர கங்கையில் குளித்தோம். இறங்கி வந்து கோவிலில் பிரசாதத் தோசை வாங்கினேன், ஆளுக்கொன்று. நெய்யும் மிளகும் மணக்கும் அந்தத் தடித்த தோசையை, மூக்கில் இன்னும் பிணவாடை நிற்கிறது என்று அவன் தள்ளிவைத்தான். இரண்டையும் நானே தின்றேன்.