இருட்டில் மினுங்கிய புழு

கரும்பில் வேர்ப்புழு விழுந்த வருஷம்தான், அதைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுவை வளர்க்க ஆரம்பித்தேன். கரும்பு திட்டுத்திட்டாகக் காய்ந்து, இழுத்தால் தூரோடு கையில் வந்தது. மருந்து ஊற்றி அலுத்துப்போய், பயிற்சியில் வாங்கிவந்த நூற்புழுவை வீட்டிலேயே பெருக்கிப் பார்த்தேன்.

அதற்குத் தீனி மெழுகுப்புழு, தேனடையைத் தின்னும் ஓர் அந்தின் புழு. தேன்பெட்டிக்காரனுக்குப் பரம எதிரி. நானோ தவிட்டில் தேனும் கிளிசரினும் பிசைந்து ஊட்டி வளர்க்கிறேன். (நாலு அந்து தப்பி என் பெட்டிக்கே போய்ச் சேர்ந்தது. அந்த அடை போனது போனதுதான்.)

தட்டில் ஈரத்தாள், பத்து மெழுகுப்புழு, நூற்புழுத் தண்ணீர் சில சொட்டு. இரண்டே நாளில் எல்லாம் சாவு. கொல்வது, நூற்புழு வயிற்றில் சுமந்துபோகும் பாக்டீரியா. என்னிடம் இருக்கும் ஹெட்டிரோராப்டிடிஸ் வகை நூற்புழு என்றால் உடல் செங்கல் நிறமாகும். கறுத்து நாறினால் வேறு கிருமி புகுந்துவிட்டது, எறிந்துவிட வேண்டியதுதான். இந்த பாக்டீரியா ஒளிவிடும் என்று படித்துவிட்டு விளக்கை அணைத்து உட்கார்ந்தேன். கண் பழகப் பத்து நிமிஷம். மங்கலாக ஒரு மினுக்கம்! "பேய வளக்கறயா கண்ணு?" என்றார் அப்புச்சி.

அப்புறம் 'ஒயிட் பொறி'. 1927இல் ஒயிட் என்பவர் சொன்ன முறை. கிண்ணத் தண்ணீர் நடுவே சின்னத் தட்டைக் கவிழ்த்து, மேலே ஈரத்தாளில் செத்த புழுக்களை அடுக்கினால், பத்துப் பன்னிரண்டு நாளில் புது நூற்புழுக்கள் இறங்கித் தண்ணீர் பால்போலக் கலங்கும். ஒரே மெழுகுப்புழுவில் லட்சத்துக்கு மேல் நூற்புழு கிடைக்கும்.

வெயில் ஆகாது. பொழுது சாய்ந்ததும் அந்தத் தண்ணீரை ஈரமண்ணில், கரும்புத் தூரில் ஊற்றினேன். பத்து நாள் கழித்துத் தோண்டினால் செங்கல் நிறத்தில் மூன்று வேர்ப்புழு, உயிரோடு இரண்டு. அடுத்த தட்டு அலமாரியில் இருக்கிறது.